மாப்பிள்ளைச் சிலந்தியுடன் ஸ்டுட்கார்ட்டுக்கு

2024 மார்ச் 15, வெள்ளிக்கிழமை, காலை 10.20. ஜெர்மனியின் எசன் நகர ரயில் நிலையத்தில் தூறல். ஏழு பாகை குளிர். என் மேலங்கிக்குள், நெஞ்சோடு ஒட்டி, மூடியில் பன்னிரண்டு துளைகள் போட்ட, உள்ளே தெரிகிற ஒரு பிளாஸ்டிக் டப்பா இருந்தது. அதற்குள் என் மகளின் ஆண் சிலந்தி.

வீட்டு மூலையில் வலை பின்னும் சிலந்தி அல்ல. டரான்டுலா வகை, உள்ளங்கை அகலம். இலங்கைக் காடுகளில் மரப்பொந்தில் வாழும் இனம் என்றாலும் இது பிறந்தது ஜெர்மனியில். மிளகளவில் வாங்கி இரண்டு வருடம் வளர்த்தாள். கடைசித் தோலை உரித்த ஆணுக்கு அதன் பிறகு சில மாதங்கள்தான் ஆயுளாம். அதற்குள் ஒரு பெண்ணிடம் சேர வேண்டும். பெண் சிலந்தி ஸ்டுட்கார்ட்டில் ஒரு கோயம்புத்தூர் பொறியாளரிடம் இருந்தது. அவர் மறுநாள் காலை ஆறு வாரத்துக்கு இந்தியா போகிறார். ஆகவே இன்றைக்கு விட்டால் இல்லை. மகளுக்கு வேலை. அந்தக் குளிரில் தபாலில் அனுப்பவும் முடியாது. மிஞ்சியது ஓய்வூதியக்காரனான நான்.

"எவ்வளவு தருவினமாம்?" என்று முதல் நாள் கேட்டேன்.

"ஒண்டுமில்லை அப்பா. இங்க ஆணை இரவல்தான் குடுக்கிறது. குஞ்சு பொரிச்சால் பாதி எங்களுக்கு."

"பொம்பிளை அதைத் திண்டிட்டுதெண்டால்?"

"அப்பவும் பாதி."

எனக்கு இது பெரிய புதினமாக இருந்தது. டொரொன்டோவில் என் அக்காவின் மகனும் சிலந்தி வளர்க்கிறான். உடனே அழைத்துக் கேட்டேன். "நான் எண்டால் வித்துப்போடுவன் மாமா" என்று சிரித்தான். அவன் சிலந்திக்குச் செல்லப் பெயர் வைத்து, கையில் ஏற்றி, வீடியோ எடுப்பவன். அவனுக்குப் பக்கத்து நாடான அமெரிக்காவிலோ இந்த இனத்தை மாநிலம் விட்டு மாநிலம் விற்கவே சட்டம் விடாதாம். என் மகள் தன் சிலந்தியை ஒருநாளும் தொட்டதில்லை. மெல்லிய தூரிகையால்தான் நகர்த்துவாள். பெயரும் இல்லை, லத்தீனில் இனமும் ஓர் எண்ணும்தான். யாழ்ப்பாணத்தில் என் தம்பியிடம் சொன்னபோது அவன் ஒன்றுதான் கேட்டான்: "அங்க அடிச்சுக் கூட்டித் தள்ள ஒரு தும்புத்தடி இல்லையோ?"

பாதுகாக்கப்பட்ட இனம் என்பதால், எங்கே பிறந்தது என்று காட்டும் ஒரு சான்றையும் மகள் தந்தாள்.

"எனக்கு இந்த நாட்டில இருக்கிறதுக்கு ஒரு கடுதாசி எடுக்க ஒன்பது வருசம்" என்றேன்.

"அது இங்க பிறந்தது அப்பா. நீங்கள் பிறக்கேல்லை."

ரயில் 10.41க்கு. தமிழ்க்கடை நாட்காட்டியில் அன்றைய ராகு காலம் 10.30 முதல் 12 வரை. மாப்பிள்ளையை அந்த நேரத்தில் யாராவது அனுப்புவார்களா? வண்டி வந்தது, நின்றது, போனது. மேடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நகரத்துக்குள் நான் வாங்கும் நாள் டிக்கெட்டைப்போல இந்த டிக்கெட்டும் அன்று முழுவதும் செல்லும் என்று நினைத்திருந்தேன்.

பன்னிரண்டு மணிக்குப் பிறகு, எந்த மேடை என்று கேட்கக் கவுண்டருக்குப் போனேன். அங்கிருந்த பெண் டிக்கெட்டைப் பார்த்தார்.

"இது அந்த ஒரு ரயிலுக்கு மட்டும்தான். தவறவிட்டுவிட்டீர்களா?"

"இல்லை. போகவிட்டேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ராகுவை ஜெர்மன் மொழியில் விளக்க எனக்கு வரவில்லை. புது டிக்கெட் வாங்கிக்கொண்டு மகளை அழைத்தேன்.

"சிலந்திக்கும் ராகு காலமோ அப்பா! உங்கட கலியாணத்துக்கு நாள் பாத்தவையே?"

"பாத்தவை."

"பாத்துமோ அம்மா இந்தப் பாடு படுறா!"

வண்டியில் அரை மணிக்கொரு தடவை டப்பாவைத் திறக்காமல் கால்களை எண்ணினேன். வழியில் மன்ஹைம் நிலையத்தில் ஏழுதான் இருந்தன. டப்பாவைச் சுற்றிச் சுற்றித் தேடினேன். வண்டி நகர்ந்த குலுக்கலில், வயிற்றுக்கடியில் மடக்கி வைத்திருந்த எட்டாவது வெளியே வந்தது.

பொறியாளர் வீட்டை அடைந்தபோது மணி ஐந்து. ஓர் அறை முழுக்கக் கண்ணாடிப் பெட்டிகள், நாற்பத்தொன்று.

"வாங்க அங்கிள், டென்ஷனே வேண்டாம். எப்படியும் ஆறரைக்கு மேலதான் விடணும். இருட்டினாத்தான் அதுங்களுக்கு மூடே வரும்."

"கோயம்புத்தூரிலயும் ஆக்கள் வளர்க்கினமோ?"

"ஊர்லயா? எங்கம்மாகிட்ட இதெல்லாம் மீன் தொட்டின்னுதான் இன்னமும் சொல்லி வச்சிருக்கேன் அங்கிள்."

காசு வாங்காமல் பாதிப் பாதி ஏன் என்று கேட்டேன். "இங்க வந்து கத்துக்கிட்டதுதான். வித்துட்டா ஒரு வீட்லதான் இருக்கும். பாதிப் பாதின்னா ரெண்டு வீட்ல இருக்கும். ஒரு பக்கம் செத்தாலும் இன்னொரு பக்கம் மிஞ்சும்ல?" என்றார்.

என் திரும்பும் ரயில் 17.51. "பாக்ஸக் குடுத்துட்டுக் கிளம்புங்க அங்கிள், வீடியோ அனுப்பறேன்" என்றார். அந்த டிக்கெட்டும் அந்த ஒரு ரயிலுக்கு மட்டும்தான் என்பது இப்போது நன்றாகவே தெரியும். ஆனாலும் கதிரையை விட்டு நான் எழும்பவில்லை.

இருட்டியதும் ஆண் சிலந்தியைப் பெண்ணின் பெட்டிக்குள் விட்டார். அது முன்கால்களால் மரப்பட்டையைத் தட்டியது. காய்ந்த இலையில் மழைத்துளி விழுவதுபோல் ஒரு சத்தம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு பொந்துக்குள்ளிருந்து பதில் தட்டு வந்தது. பொறியாளர் நீளத் தூரிகையை ஓங்கியபடி நின்றார். பெண் பாய்ந்தால் இடையில் நீட்ட. இரண்டும் சேர்ந்தன. பிறகு ஆண் ஒரே தாவலில் கண்ணாடிக்கு மேல் ஏறியது. எண்ணிப் பார்த்தேன். எட்டுக் கால்கள்.

அது என்னோடு வீடு திரும்பி, மே மாதத்தில் வயதாகிச் செத்தது. செப்டெம்பரில் பொறியாளர் எங்கள் பங்கைக் கொண்டுவந்து தந்தார்: முப்பத்துநான்கு சின்னக் குப்பிகள், ஒவ்வொன்றிலும் ஒரு மிளகு. மகள் எண்ணினாள், பிறகு நானும் எண்ணினேன்.

வீணான இரண்டு டிக்கெட்டுகள் 59.80, புதிதாக வாங்கிய இரண்டு 209, இரவு நிலையத்தில் குடித்த கோப்பி 3.80. ஆக மொத்தம் 272 யூரோ 60 சதம்.