எங்கள் தாமானின் கடற்படை அதிகாரி

வாயில் அசாம் போய் என்ற புளிப்பு உலர்பழம் ஒன்றை ஒதுக்கிக்கொண்டு, மடியில் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்து வைத்துக்கொண்டு, படகின் கடைசி இருக்கையில் விறைப்பாக உட்கார்ந்திருக்கிறாள் லோகேஸ்வரி. போர்ட் கிள்ளானிலிருந்து புலாவ் கெத்தாம் தீவுக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமைப் படகு. மற்றவர்கள் நண்டு சாப்பிடவும் கருவாடு வாங்கவும் போகிறார்கள். இவள் போவது குமட்டலை அடக்கிப் பழகுவதற்கு. டீசல் வாடை எங்கே அதிகமாக அடிக்கிறதோ அந்த இடமாகப் பார்த்துத்தான் உட்காருவாள். தீவில் இறங்கி நடப்பதுகூட இல்லை. அதே படகில் திரும்பிவிடுவாள்.

நான் அதே தாமானில், அதாவது குடியிருப்பில், அவளுக்கு எதிர்வீட்டுக்காரி. கருவாட்டு ஆசையில் ஒரு வாரம் கூடப் போனேன். பாதி வழியில் எனக்குத்தான் வயிற்றைப் புரட்டியது. மடியிலிருந்த பையை உடனே என் பக்கம் நீட்டினாள். "வெக்கப்படாதீங்க ஆன்டி. தூரத்துல ஏதாச்சும் ஒன்னையே பாத்துக்கிட்டு இருங்க. நான் மொத தடவ வந்தப்ப பையே பத்தல" என்றாள். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

கார் ஏறினால் தலை சுற்றுகிற பெண் இவள். கொமுட்டர் ரயிலில் முதுகு காட்டி உட்கார்ந்தால் இரண்டு ஸ்டேஷனுக்குள் முகம் வெளுத்துவிடும். இப்பேர்ப்பட்டவள் சேரத் துடிப்பது கடற்படையில். அதுவும் குறுகிய காலப் பணி அதிகாரியாக. மெக்கானிக்கல் படித்துவிட்டு, இப்போது துறைமுகத்துப் பக்கம் சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கப்பல் பெயர்களைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். அப்பா சுகுமாறன் கொண்டெய்னர் லோரி ஓட்டுகிறார். அம்மா இல்லை. "நான் பேரு அடிக்கிறேன், அப்பா பொட்டிய எறக்கிட்டு ரிவர்ஸ் எடுக்கிறாரு. கப்பல்ல மட்டும் எங்க வீட்டுல யாரும் ஏறினதில்ல" என்பாள்.

குறுகிய காலம் என்ற சொல் எங்கள் தாமானில் பலருக்குத் தொண்டையில் முள்ளாகச் சிக்கியது. "அது என்னாம்மா, கொஞ்ச வருஷத்துல வீட்டுக்கு அனுப்பிடுவானா? பென்ஷன் கெடைக்காதுல்ல?" என்று ஒரு கல்யாண வீட்டில் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். லோகா பந்தியில் உட்கார்ந்து ரசத்தைப் பிசைந்தபடியே, "கல்யாணத்துக்கும் யாரும் கேரண்டி கார்டு குடுக்கிறதில்லையே ஆன்டி" என்றாள். மணமேடைக்குக் கேட்கும் அளவுக்குக் கணீரென்ற குரல். அத்துடன் பேச்சு அப்பளத்துக்குத் தாவியது.

அவளிடம் இரண்டு கிறுக்கு உண்டு. ஒன்று இஸ்திரிப் பெட்டி. வேர்த்து நாறப்போகிற ஓட்டச் சட்டையைக்கூட மடிப்புக் கலையாமல் தேய்த்துப் போட்டுக்கொண்டுதான் காலையில் ஓடுவாள். போர்வை, கைத்துண்டு, அப்பாவின் லோரி சீட்டுக்குப் போடும் துணி, எதையும் விட்டுவைப்பதில்லை. மற்றொன்று, பொய் சொல்ல வராது. வராது என்றால், வாய் திறந்தால் உண்மைதான் முதலில் வந்து விழும். தாமான் சங்கத் தலைவர் அய்யாவு ஒரு பொதுக்கூட்டத்தில் மைக்கைப் பிடித்து நின்றபோது, முன்வரிசையிலிருந்து, "அங்கிள், மீசைக்கு அடிச்ச டை கன்னத்துலயும் இருக்கு லா" என்றவள் இவள். அய்யாவு அன்று பேச வந்ததை மறந்துவிட்டு நன்றியுரைக்குப் போய்விட்டார்.

நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். அதற்கு முன்னால் ஓட்டம், உடல் பரிசோதனை எல்லாம் தாண்டியாகிவிட்டது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு தையல்காரரிடம் கோட்டு தைத்தாள். அதையும் வீட்டில் கொண்டுவந்து மறுபடி தேய்த்தாள். போகும் முன் நான் ஒரே ஒரு புத்தி சொன்னேன்: கடல் பயணம் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டால், ஒத்துக்கொள்ளும் என்று சொல்லிவிடு. தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டலை நான் நம்பவில்லை.

சாயந்திரம் கோட்டைக்கூடக் கழற்றாமல் என் வீட்டுக்கு வந்தாள்.

"கேட்டாங்களா?"

"கேட்டாங்க ஆன்டி. மாபோக் லாவுட், அதான் கடல் குமட்டல், வருமான்னு. யா துவான், கண்டிப்பா வரும்னேன். புலாவ் கெத்தாம் கதையச் சொன்னேன். பை, டீசல் வாடை, எல்லாத்தையும்."

"எல்லாத்தையுமா?"

"மூணு பேரும் சிரிச்சாங்க. நல்ல சிரிப்பா, வேற சிரிப்பான்னுதான் தெரியல."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அவள் என் சமையலறைக்குள் போய்த் தானே மைலோ கலக்கிக் குடித்தாள்.

முடிவு வருவதற்குள் பேனர் வந்துவிட்டது. எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம். நல்ல சேதி என்று காதில் பட்டால் போதும், முதல் போன் பேனர் அடிக்கும் கடைக்குத்தான் போகும். அய்யாவு சும்மா இருப்பாரா? தாமான் முகப்பில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே கட்டியேவிட்டார். "நம் தாமானின் முதல் கடற்படை அதிகாரி செல்வி லோகேஸ்வரிக்கு வாழ்த்துகள்." வெள்ளைச் சீருடையில் லோகா நிற்கிறாள். தலை அவளுடையது. தோளும் மார்பும் யாரோ ஒரு பயில்வானுடையவை. நெஞ்சு நிறையப் பதக்கங்கள், ஒரு போரையாவது தனியாக நின்று முடித்திருந்தால்தான் அத்தனை கிடைக்கும். கீழ்வரிசையில் சங்கச் செயற்குழு, ஒவ்வொரு முகமும் லோகாவின் முகத்தைவிடப் பெரிதாக.

லோகா நேராக அய்யாவு வீட்டுக்குப் போனாள். "அங்கிள், இது பொய்தானே?"

"பொய் இல்லம்மா. கொஞ்சம் முன்னாடியே போட்டுட்டோம், அவ்ளோதான். இண்டர்வியூ வரைக்கும் போயாச்சுன்னா கெடச்ச மாதிரிதான். நான் பாக்காத இண்டர்வியூவா?"

அவள் அன்றே அதைக் கழற்றியிருப்பாள். சுகுமாறனுக்காகத்தான் விட்டுவைத்தாள். வேலைக்குக் கிளம்பும்போது அந்த இடத்தில் லோரியை ஊர்ந்து போகவிட்டு, கழுத்தை வளைத்துப் பார்த்துவிட்டுத்தான் போவார். பின்னால் வரும் கார்கள் ஹாரன் அடித்தாலும் கவலையில்லை. "அப்பா அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல ஆன்டி" என்றாள். ஆகவே பேனர் இருந்தது. பாசாரில் காய்கறிக்காரர் "வாங்க கேப்டன்" என்று கூப்பிட, "இன்னும் இல்லண்ணே" என்று திருத்திவிட்டுத்தான் வெண்டைக்காய் பொறுக்குவாள். தினமும் கூப்பிட்டார்கள், தினமும் திருத்தினாள்.

முடிவு போனில் வந்தது. தேர்வாகவில்லை. காரணம் எதுவும் சொல்லவில்லை. சொல்லுகிற வழக்கமும் இல்லையாம். வேறு யாராக இருந்தாலும் ஒரு வாரம் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்திருப்பார்கள். இவள் பத்திரிகை வைக்கிறவளைப் போல வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். "கெடைக்கல ஆன்டி. அடுத்த வருஷம் இன்னும் ஒரு தடவ மனு போடலாம். அதுக்கப்புறம் வயசு தாண்டிடும்." குரல் வழக்கம்போலக் கணீரென்றுதான் இருந்தது. கண்தான் சிவந்திருந்தது. அப்பா என்ன சொன்னார் என்று கேட்டேன். "லோரியக் கழுவுறாரு. காலையிலதான் கழுவினாரு" என்றாள். அவள் போன பிறகு நான் உட்கார்ந்து அழுதேன். அந்தப் பொய்யை மட்டும் சொல்லியிருக்கலாமே என்று கோபமும் வந்தது. சொல்லியிருந்தால் அவள் லோகா இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் அய்யாவு ஏணியும் கத்தரிக்கோலுமாக முகப்புக்கு வந்தார். யாரும் எழும்புவதற்குள் பேனரை இறக்கிவிட நினைத்திருப்பார். ஆனால் எங்கள் தாமானில் அந்த நேரத்துக்குப் பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள். சுகுமாறன் அங்கே நின்றிருந்தார். பேனரை அவர் ஏறிட்டுப் பார்க்கவே இல்லை. அய்யாவு அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நான் பால் பாக்கெட்டுடன் நடுவில் மாட்டிக்கொண்டேன்.

லோகா வந்தாள். தேய்த்த சட்டை, கையில் தடித்த மார்க்கர் பேனா.

"வேணாம்மா, நான் எறக்கிடுறேன்" என்றார் அய்யாவு.

"எறக்க வேணாம் அங்கிள். அச்சடிச்சது அச்சடிச்சதாவே இருக்கட்டும். அப்பா, ஏணியப் பிடிங்க."

சுகுமாறன் பிடித்தார். அவள் மேலே ஏறி, "கடற்படை அதிகாரி" என்பதற்கு மேலே இருந்த வெற்றிடத்தில் இரண்டே சொல் எழுதினாள்: "அடுத்த ஆண்டு." இறங்கி, சாலையைக் கடந்து, எதிர்ப்பக்கம் போய் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தாள். கடைசி எழுத்து கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது.

"கோணலா இருக்கு லா" என்றபடி திரும்பி வந்தாள். சுகுமாறன் ஏணியை இன்னும் விடவில்லை. இப்போது அவர் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். மார்க்கரின் மூடியைப் பல்லால் கடித்துத் திறந்து, லோகா மறுபடியும் முதல் படியில் காலை வைத்தாள்.