பத்தரைக்கு முன் கொடுத்த அனுமதி

மகள் தூங்கும் நேரம்தான் எனக்கு வேலை நேரம். மாமல்லபுரத்துக்கு வெளியே, சவுக்குத் தோப்பை ஒட்டி இருக்கிறது எங்கள் வீடு. காலை வெயில் ஏறியதும் காற்று திசை மாறிக் கடலிலிருந்து வரத் தொடங்கும். தோப்பு முழுக்க ஒரே மூச்சாக இரையும். அந்த இரைச்சலில் அவளுக்குக் கண் சொருகும். அவளை மடியில் கிடத்திக்கொண்டு நான் படம் வரைவேன். பாதி நேரம் நானும் தூங்கிக்கொண்டேதான் வரைகிறேனோ என்று சந்தேகம் வரும். மறுநாள் எடுத்துப் பார்த்தால் ஒன்றிரண்டு மீன்களுக்கு இமைகள் வரைந்திருப்பேன்.

வெளிநாட்டில் ஒரு சிறு குழு செய்கிற விளையாட்டுக்காக அந்த மீன்கள். அவர்கள் கூலியைக் கிரிப்டோவில், தங்கள் விளையாட்டுக்கென்றே உருவாக்கிய காசாகத் தருவார்கள். அதை டாலர் மதிப்புள்ள டிஜிட்டல் காசாக மாற்றி, கைப்பேசியில் இருக்கும் வாலட் என்ற டிஜிட்டல் பணப்பையில் சேர்த்துவைப்பேன். பொத்தேரியில் வாடகைக்கு ஒரு வீடு பார்த்திருந்தோம். அதன் அட்வான்ஸுக்கு என்று சேர்த்த காசு.

கணவருக்கு வேலை பொத்தேரியில். முதல் பஸ்ஸில் செங்கல்பட்டு போய், அங்கிருந்து ரயில். அவர் கிளம்பும்போது மகள் தூங்கிக்கொண்டிருப்பாள். திரும்பும்போதும் தூங்கிக்கொண்டிருப்பாள். அவர் குனிந்து முத்தம் கொடுக்கையில் பாதிக் கண் திறந்து பார்ப்பாள், மூடிக்கொள்வாள். அவளுக்கு அப்பா என்றால் அவ்வளவுதான். இரண்டு வயதாகப் போகிறது. அந்த வீடு கிடைத்தால் சாயங்கால வெளிச்சத்தில் அவர் வீட்டுக்கு வந்துவிடலாம்.

காசை மாற்றுவதற்கு ஒரு பரிமாற்றச் செயலி உண்டு. நடுவில் வங்கி இல்லை, ஆள் இல்லை. வாலட்டை அதனுடன் இணைத்து, இந்தக் காசை எடுத்துக்கொள் என்று அனுமதி கொடுத்தால் அதுவே மாற்றித் தரும். இணைப்பது மட்டும் வாசலில் நின்று பேசுவது மாதிரி. அனுமதி கொடுப்பது அலமாரிச் சாவியைக் கொடுப்பது. எந்தக் காசுக்கு, எவ்வளவுக்கு என்று படித்துப் பார்க்காமல் நான் கொடுப்பதில்லை. படித்ததையே திரும்பப் படிப்பேன். கேஸை மூடினோமா என்று படுத்த பிறகு எழுந்துபோய்ப் பார்க்கிற ஆள் நான்.

வாலட்டில் இரண்டு கணக்குகள் வைத்திருந்தேன். சேமிப்புக் கணக்கை எந்தச் செயலியோடும் இணைக்க மாட்டேன். இன்னொன்று சின்னக் கணக்கு, கடைக்கு எடுத்துப்போகும் சுருக்குப்பை மாதிரி. அன்றைக்குத் தேவையானது மட்டும் அதில் இருக்கும்.

அன்று வெள்ளிக்கிழமை. கடைசிக் கூலி சின்னக் கணக்குக்கு வந்திருந்தது. மாமியாருக்குச் சேமிப்பைத் திறந்து காட்டினேன். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இது இன்னாம்மா, காசுன்ற, கைல ஒண்ணும் இல்ல."

"இதுக்குள்ள இருக்கு அத்தை. இப்ப வந்ததையும் மாத்திட்டா முழுசாயிடும்."

அவர் சுவரில் தொங்கிய தினசரி நாள்காட்டியைப் பார்த்தார். "பத்தரைக்கு ராகு காலம். வூட்டு அட்வான்ஸு காசு. அதுக்கு முன்னாடி கைய வச்சுடு. அப்புறம் பன்னண்டுக்கு மேலதான்."

மணி பத்தரையை நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கு இதில் நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் அவர் சொல்லி நான் கேட்காமல், பிறகு அந்த வீடு கைநழுவிப் போனால் யார் பதில் சொல்வது?

அந்தச் செயலிக்குக் குறித்துவைத்த இணைய முகவரி மடிக்கணினியில் இருந்தது. மகள் மடியில் இருந்தாள். நான் எழுந்தால் அவள் விழித்துக்கொள்வாள். கைப்பேசியிலேயே தேடி, முதலில் வந்த பக்கத்தைத் திறந்தேன். அதே நிறம், அதே வடிவம். இணைத்தேன். தோப்பு இரைந்துகொண்டிருந்தது. அவளுடைய மூச்சின் சூடு என் முழங்கையில் பட்டுக்கொண்டிருந்தது. "ஆச்சா?" என்றார் மாமியார் சமையலறையிலிருந்து. திரையில் அனுமதி கேட்கும் கட்டம் வந்தது. "ஆயிடுச்சு அத்தை" என்று சொல்லிக்கொண்டே அழுத்திவிட்டேன்.

அழுத்திய பிறகுதான் நான் பார்த்தது என் மனதுக்குள் வந்து சேர்ந்தது, தண்ணீருக்கு அடியிலிருந்து ஒன்று மெல்ல மேலே வருவது போல. அது கேட்டது விளையாட்டுக் காசை அல்ல. டாலர் காசை. அளவு என்ற இடத்தில் வரம்பு இல்லை என்று இருந்தது. மாமியாருக்குக் காட்டத் திறந்த சேமிப்புக் கணக்கை நான் மாற்றவேயில்லை. அதைத்தான் இணைத்திருந்தேன்.

சேமிப்பு இன்னும் அப்படியே இருந்தது. அந்தப் பக்கத்தில் இருப்பவர் யாரானாலும் இனி என்னைக் கேட்காமல் அதை எடுக்கலாம். கொடுத்த அனுமதியை ரத்து செய்ய வேறொரு இடத்துக்குப் போய்த் தேட வேண்டும். அதற்கு முன்னால் அலமாரியில் இருப்பதை அள்ளி வேறிடத்தில் வைத்துவிடலாம். சின்னக் கணக்குக்கு எல்லாவற்றையும் அனுப்ப வேண்டியதுதான்.

மாமியார் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "இன்னா, மூஞ்சி வெளுத்துப்போயி கீது?"

சொன்னேன். அவருக்குப் பாதிதான் புரிந்திருக்கும். கடிகாரத்தைப் பார்த்தார். பத்தரை தாண்டியிருந்தது.

"இப்ப காசு வெளிய போவக் கூடாதேம்மா."

"போவலன்னா திருடன் எடுத்துக்குவான் அத்தை."

அவர் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தார். "திருடன் நாள் பாத்தா வரான்? அனுப்பு."

அனுப்பினேன். மடியில் மகள் முனகினாள். சின்ன வட்டம் ஒன்று திரையில் சுற்றிக்கொண்டே இருந்தது. மாமியார் என் தோளுக்கு மேலாகக் குனிந்து, பால் பொங்குவதைப் பார்ப்பது போல அதையே பார்த்தார். சேமிப்புக் கணக்கு பூஜ்யம் என்று காட்டியது. போய்விட்டதா, வந்துவிட்டதா என்று தெரியாத அந்த இடைவெளியில் எனக்கு இந்த வீடு, தோப்பு, வெயில் எல்லாம் வேறு யாருடையதோ போல இருந்தது. பிறகு சின்னக் கணக்கைத் திறந்தேன். இருந்தது.

கொடுத்த அனுமதியையும் தேடிப்பிடித்து ரத்து செய்தேன். அந்தப் பக்கம் உண்மையிலேயே திருடனுடையதா, அல்லது நான்தான் எதையாவது தவறாகத் தேர்ந்தெடுத்தேனா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. சில நாட்கள் அப்படி, சில நாட்கள் இப்படித் தோன்றுகிறது.

கணவருக்கு ஃபோன் செய்தபோதுதான் அழுகை வந்தது.

"இன்னா ஆச்சு? பாப்பாக்கு இன்னா?"

"பாப்பா தூங்கறா. காசு."

"போச்சா?"

"போகல. போயிருக்கும். போகல."

"போகலன்னா எதுக்கு அழுதுகினு கீற?"

முந்தானையால் மூக்கைத் துடைத்தேன். "இரு, பர்மிஷன் போட்டுட்டு வரேன்" என்றார். வேண்டாம் என்றேன். சம்பளத்தில் பிடிப்பார்களே என்றேன். அவர் வைத்துவிட்டார்.

மூன்று மணி இருக்கும். மகள் வாசலில் உட்கார்ந்து முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள். தோப்பு ஓரமாக, மணலில் செருப்பு இழுபட அவர் வந்தார். அந்த வெயிலில் அவர் சட்டையின் நிறமே எனக்குப் புதிதாக இருந்தது. மகள் முறுக்கை வாயிலிருந்து எடுத்துவிட்டு அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள்.

"உங்கப்பாடி அது" என்றார் மாமியார் அவளிடம்.

கணவர் பையைக்கூடக் கழற்றாமல் அவள் எதிரே உட்கார்ந்தார். அவள் எழுந்து உள்ளே போனாள். பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். அவர் முகமும் அப்படித்தான் சொன்னது. திரும்பி வந்தபோது தன் தலையணையை இழுத்துக்கொண்டு வந்தாள். அதை அவர் மடியில் வைத்து, அதன் மேல் தலையைச் சாய்த்துக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

"இன்னும் ராத்திரி ஆகலடா கண்ணு" என்றார். "கண்ணத் தொற. பகல்தான்."

அவள் ஒரு கண்ணை மட்டும் திறந்து, அவர் இன்னும் இருக்கிறாரா என்று பார்த்தாள்.