டீச்சர் வீட்டில் ஒரு வாரத்துக்குக் கொடுத்த குடவண்டி

இன்னாசி சார் போய்விட்டார். காலையில் மாணிக்கம் போன் பண்ணினான். "டேய்... சார்டா..." என்றான்.

சாந்தோமில் அவர் வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன். வந்ததிலிருந்து ஹாலுக்கும் பால்கனிக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். இதைக்கூட நின்றுகொண்டுதான் டைப் செய்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்காக... எழுபதுகளில் எங்கள் இன்ஜினியரிங் காலேஜில் ஒர்க்‌ஷாப் எடுத்தவர். எங்களைவிட ஏழெட்டு வயதுதான் பெரியவர். சட்டைப் பையில் பேனா இருக்காது, ஸ்க்ரூடிரைவர் இருக்கும். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. நாங்கள் உட்கார்ந்தாலும் ஸ்டூலைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்.

ஸ்டார்ட்அப், புரோட்டோடைப் எல்லாம் அப்போது காதில் விழாத வார்த்தைகள். வேலைக்கு மனுப் போடத்தான் எல்லாரும் படித்தோம். இவர் மட்டும், "வேலை கேக்கறது அப்பறம்யா. நாலு பேருக்கு வேலை குடுக்கற மாதிரி எதையாவது செஞ்சு காட்டு" என்பார்.

அவரிடம் ஒரு விசித்திரமான பரீட்சை இருந்தது. ஏதாவது ஒரு பொருள் செய்து, யாராவது ஒருவர் வீட்டில் ஒரு வாரம் பயன்படுத்தக் கொடுக்க வேண்டும். பிறகு செய்தவனே போய்த் திருப்பிக் கேட்க வேண்டும்.

சிரித்த முகமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டால் ஃபெயில். தர மாட்டேன் என்று சண்டைக்கு வந்தால் பாஸ்!

"நல்லாருக்குன்னு சொல்றவங்கள நம்பாதே. விட மாட்டேன்னு புடிச்சிக்கறாங்களா, அதப் பாரு."

நானும் மாணிக்கமும் ஒரு டீம். அவன் வீட்டார் தெற்கேயிருந்து வந்து தி.நகரில் ஜவுளிக்கடை வைத்தவர்கள். ஊரே குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்கு அலைந்த காலம். இரண்டு குடம் வைத்து இழுக்கிற மாதிரி ஒரு வண்டி செய்தோம்.

மயிலாப்பூரில் ஒரு சந்து. பூ விற்கிற அக்கா ஒருவரிடம் கொடுத்தோம். ஒரு வாரம் கழித்துப் போனால் வண்டி கழுவித் துடைத்து வாசலிலேயே நிற்கிறது.

"இந்தா நைனா, உன் வண்டி. சோக்காத்தான் கீது. ஆனா பாதித் தண்ணிய ரோட்டுக்கே ஊத்திக்கினு வருது. ரோட்டுக்கு இன்னா, தாகமா?"

விஷயம் என்னவென்றால்... நாங்கள் குடத்தில் மணல் நிரப்பி ஓட்டிப் பார்த்திருந்தோம். தரை நனைந்தால் அட்டெண்டர் கத்துவார், அதனால்! எடை சரியாக இருந்தது. தண்ணீர் தளும்பும் என்று இரண்டு வருங்கால இன்ஜினியர்களுக்குமே தோன்றவில்லை.

"மணல் குடிக்கற வீட்டுக்கு வண்டி செஞ்சிருக்கீங்க" என்றார் சார். ஸ்டூல் போனது. மறுபடி ஆரம்பித்தோம்.

குடம் உட்காரும் வளையத்தை ஸ்பிரிங்கில் தொங்கவிட்டோம். சக்கரத்துக்கு டயர் ரப்பர் சுற்றினோம். இந்தத் தடவை சாரே, "எங்க வீட்ல குடு. டீச்சர் ஓட்டட்டும்" என்றார். டீச்சர் என்றால் அவர் மனைவி. பள்ளிக்கூட டீச்சர், எங்களுக்கும் டீச்சர்தான்.

"உங்க வீடாச்சே சார், தயவு பாப்பாங்களே?"

"யாரு, அவளா? நான் வாங்கற பொடவையையே கடைக்குத் திருப்பி அனுப்பறவ!"

மாணிக்கம் எல்லாம் தயாராக வைத்திருந்தான். கடைக்குப் பின்னால் ஷெட், வெல்டிங் மிஷின், அப்பாவின் சம்மதம். டீச்சர் தர மாட்டேன் என்று சொன்னால் தொழில் தொடங்குவது. கொடுத்துவிட்டால் அவரவர் வழியைப் பார்ப்பது. டிராயிங் என்னுடையது, அதனால் போய்க் கேட்க வேண்டியது நான்.

அந்த வாரமே எனக்கு அரசாங்க வேலைக்கு ஆர்டர் வந்தது. வீட்டில் பாயசம் வைத்தார்கள்.

சாந்தோம் பக்கம் நான் போகவே இல்லை. டீச்சர் திருப்பிக் கொடுத்துவிட்டால் என்ன செய்வது என்று பயம். கொடுக்காவிட்டால்... அதைவிடப் பயம்.

மாணிக்கம் கொஞ்ச நாள் பார்த்தான். பிறகு ஜவுளிக்கடை கல்லாவில் போய் உட்கார்ந்துவிட்டான். என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருக்கலாம்.

அதற்கப்புறம் சாரை அடையாறு பஸ் ஸ்டாப்பில் பார்த்தாலும் சரி, நங்கநல்லூரில் என் பெண் கல்யாணத்தில் பார்த்தாலும் சரி, ஒரே கேள்விதான். "எப்பய்யா வந்து கேக்கப் போறே?" நான் சிரித்து மழுப்புவேன். நான் ரிட்டயர் ஆன பிறகும் கேட்டார்.

இன்று மாணிக்கத்தோடு போனேன். முன்னறையில் பெட்டிக்குள் சார். செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் அசையாமல் இருந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை. என்னால் தாங்க முடியவில்லை, எழுந்து பின்பக்கம் போனேன்.

சமையலறை வாசலில் எங்கள் வண்டி.

பெயின்ட் மாறியிருக்கிறது. சக்கரம் மாறியிருக்கிறது. குடம் இருந்த இடத்தில் தண்ணீர் கேன். கைப்பிடி மட்டும் பழையதுதான், பிடித்துப் பிடித்துத் தேய்ந்து பளபளவென்று இருந்தது.

எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. நேராக டீச்சர் முன்னால் போய் நின்றேன். சாவு வீடு, அத்தனை பேர் நடுவில்...

"டீச்சர், அந்த வண்டியத் திருப்பி வாங்கிட்டுப் போக வந்திருக்கேன்."

மாணிக்கம் பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தான். டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். முதலில் யாரென்று தெரியவில்லை. தெரிந்ததும் அழுது வீங்கிய முகத்தில் அப்படி ஒரு கோபம்.

"இப்பதான் கேக்க வழி தெரிஞ்சுதா? தர மாட்டேன். போ."

மாணிக்கம் என் சட்டையை விட்டுவிட்டான். திரும்பிப் பார்த்தேன். தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தான்.

கேட்டுவிட்டேன் சார். தர மாட்டார்களாம்.

போய் வாருங்கள்... அங்கேயாவது கொஞ்சம் உட்காருங்கள்.