ரேஞ்சுக்கு வெளியே

கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று ஊரில் எனக்கு ஒரு பெயர் உண்டு. போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலரை மணி வாக்கில் அது போய்விட்டது. நல்லவேளை... போனது என் பெயர் மட்டும்தான்.

கள்ளக்குறிச்சியில், வாராவாரம் நான் இந்தப் பத்தியை டைப் அடித்து அனுப்புகிற பிரவுசிங் சென்டர் ஒன்று. நடத்துபவர் ஜரினா. மூன்று கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு டேபிள் ஃபேன். மூன்று கம்ப்யூட்டருக்கும் ரிட்டயர் ஆகிற வயசு தாண்டி ரொம்ப நாளாகிறது.

அன்று பக்கத்து சீட்டில் பவித்ரா என்று ஒரு பெண். கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி ஊர். நர்ஸிங் படிப்புக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட, அப்பா வெள்ளையனோடு இறங்கி வந்திருந்தாள். அன்றுதான் கடைசி நாள். ஐந்து மணியோடு சரி.

"இவ்வளவு லேட்டாகவா வருவது?" என்று கேட்டுவிட்டேன். கேட்பதற்கு நமக்கென்ன?

"பஸ்ஸ எங்க சார் வுட்டாங்க? கச்சிராயபாளையத்துலயே நிறுத்திட்டாங்க. அங்கேருந்து ஒரு டிராக்டர்ல ஏறிக்கினு வரோம்" என்றார் வெள்ளையன்.

இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடக்கிற நாட்கள். எந்த சாதி எந்தப் பட்டியல், யாருக்கு எத்தனை சதவீதம் — டீக்கடை முழுக்க இதே பேச்சுதான். வெள்ளையன் கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் மகளின் பழங்குடிச் சான்றிதழ். அதை வாங்க எத்தனை தடவை அலைந்தார் என்று கேட்டேன். "அது கெடக்குது வுடுங்க சார்" என்றார்.

பவித்ரா எல்லாவற்றையும் அடித்து முடித்து, சான்றிதழையும் ஏற்றிவிட்டாள். ஆனால் சப்மிட் பட்டனைக் காணோம். திரைக்குக் கீழே எங்கோ ஒளிந்துகொண்டிருக்கிறது. பக்கம் நகரவும் மாட்டேன் என்கிறது. ஜரினாவோ உள்ளே லேமினேஷனில் இருந்தார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா?

"தள்ளிக்கம்மா" என்று போய் உட்கார்ந்தேன். டிஸ்பிளே செட்டிங்ஸைத் திறந்தேன். பக்கம் முழுசாகத் தெரியட்டும் என்று ரெசல்யூஷனை ஏற்றினேன். கையோடு ரெஃப்ரெஷ் ரேட்டையும், அதாவது திரை புதுப்பிக்கிற ஸ்பீடையும், ஏற்றினேன். எதற்கு? தெரியும் என்பதால்தான்! திரை இருண்டது. பதறிப்போய்க் கைக்குக் கிடைத்த பட்டனையெல்லாம் தட்டினேன். அதில் ஏதோ ஒன்று, 'இப்படியே இருக்கட்டும்' என்று கம்ப்யூட்டருக்குச் சம்மதம் சொல்லிவிட்டது போல. கறுப்புத் திரை நடுவே நீலக் கட்டம் ஒன்று மிதந்தது. அதில் இங்கிலீஷில் மூன்று வார்த்தை.

"இன்னாம்மா போட்டுக்குது?" என்றார் வெள்ளையன்.

"அவுட் ஆஃப் ரேஞ்ச்னு வருதுப்பா."

"நம்ம ஊரு ரேஞ்சுக்கு வெளியன்றானா?"

மலையில் ரேஞ்சு என்றால் ஒரே அர்த்தம்தான். வனத்துறை. ரேஞ்சர், ரேஞ்சு ஆபீஸ், எந்த ஊர் எந்த ரேஞ்சு... கடுக்காய் பொறுக்குவதற்கும் அந்த எல்லைதான். சான்றிதழை ஏற்றிய கொஞ்ச நேரத்தில் திரை இருண்டு, நீ ரேஞ்சுக்கு வெளியே என்று எழுத்து வந்தால், மனுஷன் வேறென்ன நினைப்பார்?

அவர் சண்டை போடவில்லை. ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. சான்றிதழைக் கவருக்குள் வைத்தார். எழுந்தார்.

"வா சாமி. பொழுதோட மலையேறப் பாப்பம்."

பவித்ரா எழுந்திருக்கவில்லை. கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அது அந்த ரேஞ்சு இல்லைங்க, ஃப்ரீக்வென்சி..." என்று ஆரம்பித்தேன். அதிகாரிகள் பேசும்போது ஆட்டுகிற மாதிரி அவர் தலையை ஆட்டினார். நகரவும் ஆரம்பித்தார்.

எங்கள் பேச்சு காதில் விழுந்து ஜரினா வெளியே வந்தார். திரையை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை. அவ்வளவுதான், புரிந்துவிட்டது.

"அண்ணா, ஒக்காருங்க. இது ஒங்களுக்கு எழுதுனது இல்ல. இந்த மானிட்டரு தன்னப்பத்தி சொல்லிக்குது. சார் வெச்ச ஸ்பீடு ஜாஸ்தி, என்னால காட்ட முடியலன்னுது. பாப்பா அடிச்சது எல்லாம் உள்ள பத்தரமா இருக்குது."

நான் சொல்லத் திணறியதை, எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டார் பாருங்கள். வெள்ளையன் உட்கார்ந்தார்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணலாமா?" என்றேன் நான், விடாமல்.

"பண்ணா எல்லாம் பூடும் சார். மொதல்லேருந்து அடிக்கணும். மணி நாலரை."

மேஜைக்கு அடியிலிருந்து அந்தக் கால டிவி பெட்டி மாதிரி பழைய டப்பா மானிட்டர் ஒன்றை இழுத்தார். அரை மூட்டை அரிசி கனம் இருக்கும். நான் கை கொடுக்கப் போனேன். "வாணாம் சார். நீங்க கை வெச்ச வரைக்கும் போதும்" என்றார். கோபமே இல்லை குரலில். இருண்ட மானிட்டரின் கேபிளைக் கழற்றி இதில் சொருகினார். இந்தப் பழைய டப்பாக்கள் கொஞ்சம் கூடுதல் ஸ்பீடு தாங்குமாம். படித்த எனக்கு அது தோன்றவில்லை, பழகிய அவருக்குத் தோன்றியது. டப்பா முனகிற்று, கொஞ்சம் நடுங்கிற்று... பவித்ராவின் பெயர் எழும்பி வந்தது. ஃபார்ம் முழுசாக. அடியில் சப்மிட் பட்டன்.

ரெசல்யூஷன் நான் வைத்ததுதானே என்று சொல்ல வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

"அமுக்கும்மா. செட்டிங்கெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்" என்றார் ஜரினா.

அமுக்கினாள். ஒப்புகைச் சீட்டு பிரிண்டரிலிருந்து வந்தது. நாலே முக்கால். மகள் சிரிக்கிறாள், அப்பா சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். எனக்கு ஜரினாவின் கையைப் பிடித்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

அவர் அதற்குள் செட்டிங்கைக் குறைத்துவிட்டு, கேபிளைப் பழைய இடத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தார்.

"ஏண்ணா, திரையில ஏதோ எழுத்து வந்துச்சின்னு ஒடனே எந்திரிச்சிட்டீங்களே. ஏன்னு ஒரு தபா கேக்கக் கூடாதா?"

"கேட்டா சொல்லுவாங்களாம்மா?" என்றார் வெள்ளையன்.

ஜரினா கேபிள் திருகை முறுக்கிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்:

"சொல்ற வரைக்கும் எந்திரிக்காதீங்க."