அப்பாவைச் சாலைக்குத் தூக்கி வந்த நாள்

பேத்துப்பாறையில் எங்கள் வீடு சாலைக்குக் கீழே இருக்கிறது. பஸ் நிற்கும் இடத்திலிருந்து நாற்பத்திரண்டு கல்படிகள் இறங்க வேண்டும். பட்டர் ஃப்ரூட் பறிக்கப் போன அப்பா மரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போகும்வரை அந்தப் படிகளை நான் எண்ணியதே இல்லை.

அப்போது கல்லூரியில் கடைசி வருடம். தேடினால் எதுவும் கிடைக்கும் என்று நம்பினேன், கிடைக்கவும் செய்தது. அரசு முகாமில் சக்கர நாற்காலி கொடுத்தார்கள். படுக்கைப்புண் வராமலிருக்கக் காற்று மெத்தை ஒன்றையும் கேட்டு வாங்கினேன். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் அப்பாவோடு அதையும் படியில் ஏற்றி இறக்க ஆளில்லை என்பதால், நாற்காலி சாலையோர டீக்கடையிலேயே தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் சித்தப்பாவும் பக்கத்து வீட்டு அண்ணனும் அப்பாவைப் பிளாஸ்டிக் சேரில் உட்காரவைத்து மேலே தூக்கி வந்து அதில் மாற்றுவார்கள். மற்ற நாட்களில் அவர் வாசலில் கட்டிலில் கிடந்து, மேலே போகும் வண்டிகளைக் காதால் பார்ப்பார். “ஜீப்பு போகுது. பூண்டு ஏத்தியிருக்கான், முக்குறான் பாரு” என்பார் தனக்குத்தானே.

படிகளை ஒட்டி, எங்கள் பீன்ஸ் பாத்திகள் வழியாக வளைந்து ஏறும் ஒரு சாய்தளம் போட்டால் போதும். அதற்குப் பணம்தான் இல்லை. வீட்டில் இப்படி மாற்றம் செய்ய உதவும் அறக்கட்டளை ஒன்று கொடைக்கானலில் இருப்பதாகக் கேள்விப்பட்ட அன்றே போய் நின்றேன். வருமானச் சான்று, மருத்துவச் சான்று, கொத்தனார் எழுதிய மதிப்பீடு எல்லாம் ஒரே வாரத்தில் சேர்த்துக் கொடுத்தேன். நேரில் வந்து பார்ப்போம் என்றார்கள்.

அந்த நாளில்தான் தவறு நடந்தது.

“பெரிய மனுசன் வர்றாரு. அவரப் போயி இம்புட்டுப் படி எறங்கச் சொல்றதா?” என்றாள் அம்மா. எங்கள் பக்கம் வெளியாள் வந்தால் வீட்டுக்காரர் சாலைக்குப் போய் நின்று கூப்பிட வேண்டும். வேறு ஆளை அனுப்பினால் மரியாதை இல்லை. அப்பா வெள்ளனே சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுத் தயாராகிவிட்டார்.

“வெரசாத் தூக்குங்கடா, அவரு வந்துரப் போறாரு.”

“படுத்தே தின்னு கனத்துப் போயிட்டண்ணே. மாப்பிள்ள ஊர்வலம் மாதிரில்ல கெடக்கு” என்று சித்தப்பா மூச்சு வாங்கினார்.

“ஏலே, ஒங் கல்யாணத்துல ஒன்னயத் தூக்க ஆளில்லாம நடந்துதானடா வந்த!”

படி முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். அப்பா சாலைக்கு வர ஒரு காரணம் கிடைத்ததே என்றுதான் எனக்குத் தோன்றியது.

அறக்கட்டளை அதிகாரி பைக்கில் வந்தார். மழை இருட்டிக்கொண்டு வந்தது, அவருக்கு இன்னும் இரண்டு ஊர் பாக்கி. சக்கர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த அப்பா கைகூப்பி, “வாங்க சார், வாங்க” என்றார். நான்தான் டீ வாங்கிக் கொடுத்தேன். நாலு கேள்வி, ஒரு போட்டோ. கிளம்பிவிட்டார்.

பயனாளி சாலையில் நாற்காலியில் நடமாடுவதால் சாய்தளத்தின் தேவை உறுதிப்படவில்லை என்று கடிதம் வந்தது. யார்மேல் கோபப்படுவது? போட்டோவில் இருந்ததைத்தானே எழுதியிருக்கிறார்.

அதிகாரிக்குப் போன் செய்தேன்.

“அன்னிக்கே கீழ கூட்டிட்டுப் போயிருக்கலாமேம்மா?”

“மரியாதைக்காகத்தான் சார்…”

“சரி, இன்னொரு தடவ வர்றேன்” என்றார்.

இந்த முறை யாரும் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். “வந்தவரப் படுத்துக்கிட்டே வாங்கன்னு சொல்லவா?” என்றார். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

தூறலில் வழுக்கி வழுக்கி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு அதிகாரி இறங்கி வந்தார். “மேல வந்து கூப்புட முடியலைங்க. மன்னிச்சுக்கங்க” என்றார் அப்பா. அதிகாரி நாடாவை எடுத்துப் படிகளை ஒட்டி அளந்தார். பிறகு கேட்டார்: “சாய்தளம் வந்தா முக்கியமா எதுக்கு ஆகும்?”

“மருத்துவமனை, பிசியோதெரபி…” என்று நான் ஆரம்பித்தேன். அப்பா கையை உயர்த்தினார்.

“ஆஸ்பத்திரின்னா இவனுக தூக்கிருவானுக சார். சோலி இல்லாமப் போகணும்னு இருக்குல்ல? சும்மா போயிக் கொஞ்ச நேரம் நிக்கணும். அதுக்கு யாரத் தூக்கச் சொல்ல?”

விண்ணப்பத்தின் பதினான்கு பக்கங்களில் எதிலும் நான் அதை எழுதவில்லை. எனக்குத் தெரியாது. அதிகாரி வெகுநேரம் எழுதினார்.

விண்ணப்பம் இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. நான் திண்டுக்கல்லில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். வாரம் ஒருமுறை போன் செய்து விசாரிக்கிறேன். சனிக்கிழமை ஊருக்கு வருகிறேன். பஸ் கிளம்பிய சத்தம் அடங்குவதற்குள் கீழேயிருந்து குரல் வரும்.

“வந்துட்டியா ஆத்தா? எறங்கிறாத, அங்கனயே நில்லு. கடையில யாரு இருக்கா?”

சொல்கிறேன்.

“வெயிலடிக்குதா?”

“அடிக்குதுப்பா.”

“எதுவரைக்கும்?”

சாலையைத் திரும்பிப் பார்த்து, “வளைவு வரைக்கும்” என்கிறேன்.

“சரி. இன்னுங் கொஞ்சம் நில்லு.”

பையைத் தோளில் போட்டபடி நிற்கிறேன்.