எலுமிச்சை அடங்கும் வரை

பிற்பகல் இரண்டு மணி இருபது நிமிடம். அலுவலகச் சுவர்க் கடிகாரத்தை அப்போது நான் பார்த்ததற்குத் தனிக் காரணம் ஒன்றுமில்லை. ஒரு கையில் டீ டம்ளரும் மறு கையில் இரண்டு வர்க்கியுமாக என் மேஜைக்குத் திரும்பியபோது கண் தானாக அங்கே போனது. மேஜைக்குப் பக்கத்தில் போட்டிருந்த ஸ்டூலில் என் மகள் இல்லை. கணக்கு நோட்டு திறந்து கிடந்தது. ஏழாவது கணக்கு பாதியில் நின்றிருந்தது. நோட்டின் மேல் அப்போதுதான் சீவிய பென்சில். சீவிய சுருள்கள் தாளின் மடிப்பில் கிடந்தன. கொல்லைப்பக்கம் போயிருப்பாள் என்று நினைத்து உட்கார்ந்துவிட்டேன். டீ ஆறி ஏடு கட்டிய பிறகுதான் எழுந்தேன். எழாமல் இருந்த அந்த ஐந்து நிமிடத்துக்காக இன்றுவரை என்னை நான் மன்னிக்கவில்லை.

இது நடந்து எட்டு வருடங்கள் ஆகின்றன. கோயமுத்தூர் - பொள்ளாச்சி ரோட்டில், கிணத்துக்கடவுக்குச் சற்று முன்னால் இருந்த ஒரு காபி கியூரிங் ஆலையில் நான் குமாஸ்தாவாக இருந்தேன். மலையிலிருந்து வரும் காபிக்கொட்டையைக் களத்தில் காயவைத்து, தோல் நீக்கி, தரம் பிரித்து, மூட்டை கட்டிக் கொச்சித் துறைமுகத்துக்கு அனுப்புவது ஆலையின் வேலை. அனுப்பும் லாரிகளுக்குக் காகிதம் எழுதுவது என் வேலை. மே மாதம், பள்ளிக்கு விடுமுறை. மனைவி தன் தங்கையின் பிரசவத்துக்காகத் தாராபுரம் போயிருந்தாள். ஒன்பது வயது மகளை வீட்டில் தனியே விட மனமில்லாமல் தினமும் என்னோடு அழைத்து வந்துகொண்டிருந்தேன். தனியே விட்டால் ஏதாவது ஆகிவிடும் என்று பயந்து அழைத்து வந்த இடத்தில்தான் அது ஆனது.

டேஸ்டர் சாரைப் பற்றிச் சொல்லாமல் அன்றைய பிற்பகலைச் சொல்ல முடியாது. ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் எடுத்த மாதிரிக் கொட்டையை வறுத்து, அரைத்து, வரிசையாகக் கோப்பைகளில் வெந்நீர் ஊற்றி, ஒரு கரண்டி உறிஞ்சி, வாயில் சுழற்றித் துப்பிவிட்டு, இது இன்ன தரம் என்று சொல்லுகிறவர். எங்கள் ஆலையின் பெயர் முழுவதும் அவருடைய மூக்கிலும் நாக்கிலும் இருந்தது. அதனால் வார நாட்களில் அவர் தலைக்கு எண்ணெய் வைக்கமாட்டார், வாசனை சோப்பு தொடமாட்டார், மதியத்துக்கு வெங்காயம் இல்லாத தயிர்சாதம். மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு யாரும் டேஸ்டிங் ரூம் வாசலைத் தாண்டக்கூடாது. கொட்டை பொறுக்கும் பெண்கள் இதை வைத்து அவரைக் கேலி செய்வார்கள். நாற்பத்தொரு வயதாகியும் கல்யாணமாகாமல் இருந்ததற்கும் அதையே காரணமாகச் சொல்வார்கள். ஆனால் வாசனைக்காக ஏங்கிய மனிதர் அவரைப்போல வேறு யாரையும் நான் பார்த்ததில்லை.

சனிக்கிழமை அவருக்கு மட்டும் அரை நாள் வேலை. ஒரு மணிக்குக் கடைசிக் கோப்பையைத் துப்பிவிட்டுக் கை கழுவி வந்து, டேஸ்டிங் ரூமின் இரும்பு பீரோவைத் திறப்பார். கனமான சதுரக் கண்ணாடிப் பாட்டில், உள்ளே இளம்பச்சையாக செண்ட். கப்பலில் வேலை பார்த்த அவருடைய அண்ணன் வாங்கி வந்தது. இடது மணிக்கட்டில் ஒரு சொட்டு, காதுக்குக் கீழே ஒரு சொட்டு. தேய்க்கமாட்டார். "தேச்சா எலுமிச்சை செத்துப்போகுமுங்க" என்பார். மணிக்கட்டை மூக்கருகே கொண்டுபோகவும் மாட்டார். கையை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு பிரம்பு நாற்காலியில் சாய்ந்துவிடுவார். வாசம் நம்மைத் தேடி வரவேண்டும், நாம் தேடிப் போகக்கூடாது என்பது அவர் கட்சி. முதலில் எலுமிச்சைத் தோலை நகத்தால் கீறியது போல ஒன்று பாய்ந்து வரும், கூடவே நாரத்தை இலையின் கசப்பு. கொஞ்ச நேரத்தில் அதன் அடியிலிருந்து தண்ணீர் தெளித்த வெட்டிவேர்த் தட்டியின் குளிர்ச்சி எழும். அரைமணி போனால் எலுமிச்சை அடங்கிவிடும். பிறகு வருவது மரம். சரியாகச் சொன்னால், புதிதாகச் சீவிய பென்சிலின் வாசம். அது ஞாயிறு மாலை அவர் சீயக்காய் தேய்த்துக் குளிக்கும்வரை நிற்கும்.

எலுமிச்சை அடங்கும்வரை அவர் ஆலையை விட்டுக் கிளம்பமாட்டார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "எலுமிச்சை எனக்குங்க. அதப் போட்டுட்டு பஸ்ஸேறி நாலு பேரு மூக்குல இடிக்கக்கூடாதுங்க. மரம் வந்துட்டா யாருக்கும் தொந்தரவில்லைங்க" என்றார். இந்த வழக்கம் ஆலை முழுவதும் தெரிந்த ஒன்று. "எலுமிச்சை அடிச்சா சார் உள்ளதான் இருக்கறாரு. பென்சில் அடிச்சா பஸ்ஸேறிட்டாரு" என்று பொறுக்குக் கொட்டகையில் மூத்தவரான அக்கா சொல்வார். சார் போன பிறகு டேஸ்டிங் ரூமைப் பூட்டுவது என் வேலை. ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் கதவைச் சாத்தும்போது உள்ளே பென்சில் வாசம்தான் இருக்கும். ஒரு நாளும் மாறியதில்லை.

அன்றைய சனிக்கிழமை அவர் கோயமுத்தூரில் பெண் பார்க்கப் போவதாக இருந்தது. அக்கா கேலியை விடவில்லை. "ஏனுங் சார், இன்னைக்கு ரெண்டு சொட்டு சேத்திப் போட்டுட்டுப் போங்க. பொண்ணு மயங்கி உழுந்தரட்டும்." அவரும் சளைக்கவில்லை. "உழுந்தா தண்ணி தெளிச்சு எழுப்போணுமுங்க அக்கா. அப்பறம் நல்ல நேரம் போயிருமுங்க." எல்லோரும் சிரித்தார்கள். ஒன்றேகாலுக்கு செண்ட் போட்டுக்கொண்டவர், எலுமிச்சை அடங்கி, ஒன்று ஐம்பதுக்குக் கேட்டைத் தாண்டிப் போனார். இடையில் ஒன்றரைக்கு ஒரு லாரி கொச்சிக்குப் புறப்பட்டது. அதற்கான காகிதத்தை எழுதிக்கொடுத்துவிட்டு அடுத்த லாரிக்கு எழுத உட்கார்ந்த நான், தலை நிமிர்ந்ததே இரண்டு மணிக்கு மேல்தான்.

தேடக் கிளம்பினேன். குடோனில் மூட்டைகள் கூரை உயரத்துக்கு அடுக்கியிருக்கும். ஒன்று சரிந்தால் பெரிய ஆளே மிஞ்சமாட்டான். அடுக்குகளுக்கு நடுவே அவள் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினேன். சணல் மூட்டைகள் என் குரலைக் குடித்துவிட்டன. களத்து மேஸ்திரி யாரும் சொல்லாமலே கிணற்றடிக்குப் போய் எட்டிப் பார்த்தார். திரும்பி நின்று கையை அசைத்து, இல்லை என்றார். அந்தக் கை அசைவதற்கு முந்தைய நொடி இருக்கிறதே, அதை எந்தத் தகப்பனுக்கும் நான் விரும்பமாட்டேன். அப்புறம் ஒருத்தி சொன்னாள்: காலையில் அவள் லாரிப் படியில் ஏறி நின்று, கொச்சியில் கப்பல் பார்க்க முடியுமா என்று கிளீனரிடம் கேட்டுக்கொண்டிருந்தாளாம். லாரி போய் ஒரு மணி நேரத்துக்கு மேலாகியிருந்தது. பொள்ளாச்சி லாரி ஆபீசுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

ஆலையில் அப்போது இருந்தது மேஸ்திரியின் மோட்டார் பைக் ஒன்றுதான். அவர் உதைத்துக் கிளப்பியும் விட்டார். பொள்ளாச்சி வழியாகப் பாலக்காட்டு ரோட்டில் விரட்டிப் பிடிப்பதாகப் பேச்சு. அந்த நேரத்தில்தான் கடைசியாக ஒருமுறை பார்ப்போம் என்று டேஸ்டிங் ரூம் கதவைத் தள்ளினேன். உள்ளே யாரும் இல்லை. பீரோ பூட்டியிருந்தது. ஆனால் எலுமிச்சை வாசம் முகத்தில் அறைந்தது. மேஜைமேல் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். அதன்மேல் குனிந்து மோந்தேன். எலுமிச்சை, நாரத்தை, அவ்வளவுதான். மரம் இன்னும் வரவேயில்லை. சார் போட்டுக்கொண்டு ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. இது அவருடையது அல்ல. சார் வெளியே மறந்து வைத்த பாட்டிலை வேறு யாரோ திறந்து சிந்தி, எடுத்தும் போயிருக்கிறார்கள், அதுவும் இப்போதுதான். லாரி போவதற்கு முன்னால் சிந்தியிருந்தால் இந்நேரம் பென்சில் வந்திருக்கவேண்டும்.

வெளியே ஓடி, லாரி வேண்டாம், வடக்கே கோயமுத்தூர் ரோட்டில் போங்கள் என்று கத்தினேன். மேஸ்திரிக்கு என் புத்தி பிசகிவிட்டதாகவே தோன்றியிருக்கும். "ஏனுங்க, வாசத்த நம்பி புள்ளைய உட்றதுங்களா? லாரி பாலக்காட்டத் தாண்டிருச்சுன்னா அப்பறம் யாரு புடிக்கறது?" என்றார். நியாயமான கேள்வி. அக்காதான் உள்ளே போய் மோந்து பார்த்துவிட்டு வந்து, மேஸ்திரியிடம், "எலுமிச்சைதான் அண்ணா. புள்ள சாருக்குப் பொறகால போயிருக்கோணும். நீங்க வடக்க போங்க" என்றார். பைக் வடக்கே திரும்பியது. நான் கேட்டிலேயே நின்றேன். அவளே திரும்பி வந்தால் யாராவது இருக்கவேண்டும் அல்லவா. எப்போது எடுத்தேனோ தெரியவில்லை, அவளுடைய பென்சில் என் கையில் இருந்தது.

பைக்கின் சத்தம் மறைந்ததும் சந்தேகம் வந்தது. ஒரு சொட்டு அரைமணியில் அடங்கும், சரி. பாட்டிலைச் சாய்த்து உள்ளங்கை அகலத்துக்குக் கொட்டியிருந்தால்? அந்த எலுமிச்சை எவ்வளவு நேரம் நிற்கும்? அதை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. அவள் ஒன்றேகாலுக்கே சார் கண்ணில் படாமல் சிந்திவிட்டு லாரியில் ஏறியிருந்தால்? பெற்ற பிள்ளையை ஒரு பழத்தோலின் வாசனைமேல் வைத்துப் பந்தயம் கட்டிவிட்டு நிற்கிறேன் என்று தோன்றியது. மூட்டை ஏற்றிய ஒவ்வொரு லாரியும் தெற்கே போகும்போது என்னுடைய ஒரு பாதி அதன் பின்னால் ஓடியது. வடக்கிலிருந்து வந்த பஸ்கள் எங்கள் நிறுத்தத்தில் நிற்காமல் தாண்டின. ஒன்று, இரண்டு, மூன்று. எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

அந்த நிற்பிலிருந்து நான் இன்னும் முழுதாக வெளியே வரவில்லை. மகள் இப்போது பீளமேட்டில் கல்லூரி முதல் வருடம். உக்கடத்தில் பஸ் மாறி வரவேண்டும். தினமும் மாலை நிறுத்தத்தில் போய் நின்றுவிடுகிறேன். தோழிகள் முன்னால் அவளுக்குக் கூச்சம். "மோப்பம் புடிச்சிட்டு நிக்கறீங்களாப்பா?" என்று கேலி செய்கிறாள். அந்தப் பாட்டில் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. அவளே வைத்துக்கொள்ளட்டும் என்று சார் கொடுத்துவிட்டார். அடியில் கால் பாகம் மிச்சம். சனிக்கிழமைகளில் நான் ஒரு சொட்டு போட்டுக்கொள்கிறேன், தேய்க்காமல், மணிக்கட்டை முழங்கால்மேல் வைத்து. இந்த மாதிரி செண்டில் எல்லோரும் மெச்சுவது அந்த முதல் எலுமிச்சையைத்தான். எனக்கு அது நெஞ்சைப் பிடிக்கும். பென்சில் வந்த பிறகுதான் தோள் இறங்கும், மூச்சு சீராகும். பழசாகிவிட்டதால் இப்போதெல்லாம் எலுமிச்சை ஐந்து நிமிடம்கூட நிற்பதில்லை. சாரிடம் சொன்னால் வருத்தப்படுவார். எனக்கு அது சௌகரியமாகவே இருக்கிறது.

அன்று மூன்று இருபத்தைந்துக்கு ஒரு டவுன் பஸ் நின்றது. முதலில் இறங்கியது டேஸ்டர் சார். பெண் பார்ப்பதற்காகப் போட்டிருந்த சந்தன நிறச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவர் திரும்பிக் கை நீட்ட, இரண்டு கையாலும் பாட்டிலை மார்போடு அணைத்தபடி என் மகள் இறங்கினாள். நான் கேட்டை விட்டு நகரவில்லை. ரோட்டைத் தாண்டி வந்தது அவர்கள்தான்.

"அப்பா, சார் இத மேஜை மேலயே மறந்துட்டுப் போயிட்டாரு. திறந்து பாத்தனா, கையில கொட்டிருச்சு. அப்பறம் குடுக்கலாம்னு ஓடுனேன். கூப்பிட்டும் கேக்கலப்பா, பின்னாடி ஏறிட்டாரு. நான் முன்னாடி ஏறிட்டேன். அதுக்குள்ள பஸ் எடுத்துட்டாங்க."

அக்கா அவளை வாரிக் கட்டிக்கொண்டு, முதுகில் ஒன்று வைத்து, மறுபடியும் கட்டிக்கொண்டார். "அடி அம்மணி, எங்க உசுர எடுத்துப்போட்டியேடி." நான் சாரைப் பார்த்தேன். பெண் பார்க்கும் நல்ல நேரம் போயிருந்தது. அடுத்த சனிக்கிழமை போய்ப் பார்த்து, அந்தப் பெண்ணையே கட்டினார் என்பது பின்னால் நடந்தது. அந்த நிமிடம் அவர் தன் மணிக்கட்டைத் திருப்பிக் காட்டி, கோப்பைத் தரம் சொல்லும் அதே நிதானமான குரலில் சொன்னார்:

"ரெண்டேகாலுக்குத்தானுங்க பஸ்ஸு வந்துச்சு. ஒத்தக்கால்மண்டபம் வரப்போறப்பங்க, முன்னாலிருந்து காத்துல எலுமிச்சை வந்துச்சுங்க. எம்மேல மரம் வந்து எந்நேரமோ ஆச்சு. அப்ப இது நான் இல்லையேன்னு எந்திரிச்சுப் பாத்தனுங்க. லேடீஸ் சீட்டுக்குப் பக்கத்துல கம்பியப் புடிச்சுட்டு நிக்குது கண்ணு. எறங்கி இந்தப் பக்கம் வர்றதுக்குத்தான் ஒரு பஸ்ஸும் நிக்கலைங்க. மேஸ்திரியும் எங்களப் பாக்காம பைக்குல வடக்க தாண்டிட்டாருங்க."

பிறகு என் மகளின் கையைப் பிடித்து என் முகத்தருகே நீட்டினார். என் விரல்கள் இன்னும் பென்சிலை விடாமல் பிடித்திருந்ததை அப்போது அவர் பார்த்திருக்கவேண்டும். லேசாகச் சிரித்தார்.

"மோந்து பாருங்க. எலுமிச்சை போயிருச்சுங்க. இனிப் பென்சில்தானுங்க. மொதல்ல உக்காருங்க."