சித்தப்பா வாங்கிய ரேஞ்ச்ஃபைண்டர்

என் சித்தப்பா ஒரு பொருளை வாங்கி முடிப்பதற்குள் விற்பவருக்குத் தாவு தீர்ந்துவிடும். ஒரு தேங்காயைத் தட்டிப் பார்ப்பார், குலுக்கிப் பார்ப்பார், காதருகே வைத்துக் கேட்பார், கடைசியில் அடுத்த கடைக்குப் போய்விடுவார். அப்படிப்பட்டவர் கேமரா வாங்கக் கிளம்புகிறார் என்றதும் என் அம்மா, "அந்தக் கடைக்காரரு என்ன பாவம் பண்ணுனாரோ" என்றார்.

அப்போது நான் நான்காம் வகுப்பு. அரவேணுவுக்குப் பக்கத்தில் ஒரு எஸ்டேட்டில் இருந்தோம். சித்தப்பா ஜீப் டிரைவர். வண்டி கோத்தகிரி முதலாளி ஒருவருடையது. எஸ்டேட் பிள்ளைகளைக் காலையில் பள்ளிக்கூடத்தில் இறக்கி, மாலையில் திரும்ப ஏற்றி வருவதுதான் வேலை. ஆனால் சித்தப்பாவின் நடப்பைப் பார்த்தால் ஜீப்பும் ரோடும் அவர் பெயரில் பட்டா போட்டிருப்பதாகத் தோன்றும். சேற்றுக் காலோடு ஏறினால் இறக்கிவிட்டுத் துடைத்துக்கொண்டு வரச் சொல்வார். எந்த வளைவில் எவ்வளவு மூடுபனி இருந்தாலும் ஒடித்துத் திருப்ப அவரை விட்டால் ஆள் இல்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். நாங்களும் நம்பினோம்.

விடிகாலையில் வண்டியை எடுக்கப் போகையில் தேயிலைக்குள் நின்று அவரையே முறைக்கும் காட்டெருமையைப் படம் எடுத்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஊரெல்லாம் டிஜிட்டலுக்கு மாறிக்கொண்டிருந்த சமயம் அது. ஊட்டியில் ஒரு ஸ்டுடியோக்காரர் தன்னிடம் இருந்த பழைய ஃபிலிம் கேமராக்களைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுகிறார் என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலாளியிடம் சொல்லிவிட்டு ஜீப்பை எடுத்தார். துணைக்கு நான். காட்டெருமை என்றால் பெரிய லென்ஸாகத்தான் இருக்க வேண்டும் என்பதில் நாங்கள் இருவரும் ஒரே கட்சி.

ஸ்டுடியோக்காரர் வயதானவர், பொறுமைசாலி. கண்ணாடி மேசைமேல் ஒரு துணி விரித்து இரண்டு கேமராக்களையும் மூன்று லென்ஸ்களையும் எடுத்து வைத்தார். நான் போனதும் நீளமான லென்ஸைக் கையில் எடுத்துக்கொண்டேன். கீழே போட்டுவிடுவேனோ என்று அவர் ஒரு கையை அதற்குக் கீழேயே வைத்துக்கொண்டு, மறு கையால் ஒரு கேமராவைச் சித்தப்பாவிடம் நீட்டினார்.

"இது ரேஞ்ச்ஃபைண்டருங்க தம்பி. நீங்க லென்ஸ் வழியாப் பாக்கறதில்ல, இந்த ஜன்னல் வழியாப் பாக்கறீங்க. நடுவுல மஞ்சளா ஒரு சின்னக் கட்டம் இருக்குங்களா? எதுத்தாப்புல பேக்கரி போர்டைப் பாருங்க. கட்டத்துக்குள்ள எழுத்து ரெண்டு ரெண்டாத் தெரியும். லென்ஸைத் திருப்பி ஒண்ணாக்கோணும். ஒண்ணாயிருச்சுன்னா படம் சுத்தமா விழும்."

சித்தப்பா வாசலுக்குப் போய் நின்று பார்த்தார். திருப்பினார். இன்னும் திருப்பினார். "ஏனுங்க, இதுல கட்டமே சரியாத் தெரியிலீங்க" என்றார். ஸ்டுடியோக்காரர் ஜன்னலைத் துடைத்துக் கொடுத்தார். அப்போதும் தெரியவில்லை. இரண்டாவது கேமராவைக் கொடுத்தார். "இதுவும் அப்படித்தானுங்க. பனியில பூஞ்சை புடிச்சிருக்குமாட்ட இருக்குது."

ஆரம்பித்துவிட்டார், இனி மத்தியானச் சாப்பாடு நாலு மணிக்குத்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஸ்டுடியோக்காரர் தானே எடுத்துப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் கேமராவைக் கையில் கொடுத்தார். நான் கண்ணை வைத்ததும் மஞ்சள் கட்டம் பளிச்சென்று தெரிந்தது. உள்ளே பேக்கரி எழுத்துக்குப் பக்கத்தில் அதன் ஆவி மாதிரி இன்னோர் எழுத்து. திருப்பினேன், வந்து ஒட்டிக்கொண்டது. "எனக்குத் தெரியுதுங்க சித்தப்பா" என்று கத்தினேன். ஜீப் ராஜாவுக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்ததில் தலைகால் புரியவில்லை.

ஸ்டுடியோக்காரர் சித்தப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தம்பி, இந்தவாட்டி இடது கண்ணுல பாருங்க."

சித்தப்பா கேமராவை மாற்றி வைத்தார். லென்ஸைத் திருப்பிய விரல் பாதியில் நின்றது. "ஒண்ணாயிருச்சுங்க" என்றார். கேமராவைக் கீழே வைத்துவிட்டு, வெறும் கண்ணால் பேக்கரியைப் பார்த்தார். இடது கண்ணைக் கையால் மூடினார், திறந்தார். வலது கண்ணை மூடினார். மறுபடியும் இடதை மூடிக்கொண்டு நின்றார்.

"என்ன வேலை பாக்கறீங்க?" என்று ஸ்டுடியோக்காரர் கேட்டார்.

"டிரைவருங்க." கண்ணிலிருந்து கையை எடுத்து, "ஸ்கூல் புள்ளைகள ஏத்தறனுங்க" என்றார்.

"ரெண்டு கண்ணையும் தொறந்து வெச்சிருந்தா ஒரு கண்ணு போறது தெரியாதுங்க தம்பி. ஆஸ்பத்திரில காட்டுங்க."

எனக்கு இதெல்லாம் சாதாரணமாகத்தான் இருந்தது. என் வகுப்பில் ஒரு பெண் இடது கையால் எழுதுவாள். சித்தப்பா இடது கண்ணால் பார்க்கிறவர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, நீள லென்ஸை மறுபடியும் கையில் எடுத்தேன்.

அவர் அதை என்னிடமிருந்து வாங்கி மேசையில் தள்ளி வைத்தார். "ஊட்டுக்குள்ள, கிட்டத்துல இருக்கறவங்கள எடுக்கறதுக்கு எதுங்க நல்லாருக்கும்?" என்று கேட்டார். இருந்ததிலேயே குட்டையான, சப்பையான லென்ஸைக் காட்டினார் ஸ்டுடியோக்காரர். இது அகலமாகப் பிடிக்கும், வளையத்தை ஓரிடத்தில் வைத்துவிட்டால் ஆறடிக்கு அப்பால் எல்லாமே தெளிவாக விழும், கட்டத்தைப் பார்த்து ஒட்டவைக்கவே வேண்டாம் என்றார். சித்தப்பா தட்டிப் பார்க்கவில்லை, குலுக்கிப் பார்க்கவில்லை. சொன்ன விலையைக் கொடுத்தார். என் வாழ்க்கையில் அவர் பேரம் பேசாமல் வாங்கி நான் பார்த்தது அது ஒன்றுதான்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "காட்டெருமைக்கு அது பத்தாதுங்க சித்தப்பா."

"காட்டெருமை எங்கியும் போயிராது கண்ணு."

அதோடு விட்டாரா? ஜீப் சாவியை ஸ்டுடியோக்காரரிடம் கொடுத்துவிட்டு, அங்கிருந்தே முதலாளிக்குப் போன் செய்து, வேறு ஆளை அனுப்பி வண்டியை எடுத்துக்கொள்ளச் சொன்னார். நாங்கள் பஸ்ஸில் திரும்பினோம். உட்கார இடம் இல்லை. எங்கள் ஜீப் ஸ்டுடியோ வாசலில் நிற்க, கூட்டத்தில் யார் முழங்கையோ இடிக்க நின்றுகொண்டு வந்தது எனக்கு மகா அவமானம். அரவேணு வரும்வரை அவரோடு பேசவில்லை.

மறுநாள் வேறு டிரைவர் கிடைக்காமல் எஸ்டேட் பிள்ளைகள் எல்லாம் நடந்துதான் பள்ளிக்கூடம் போனோம். அம்மா பிடிபிடி என்று பிடித்துக்கொண்டார். "கேமரா கைக்கு வந்தாப் போதும், வேலைக்குப் போக ஒடம்பு வளையாதா?" சித்தப்பா சிரித்தபடி, "ஆமாங்க அண்ணி, சலிச்சுப் போச்சு" என்றார். பிறகு தேயிலை ஃபாக்டரியில் பை தைக்கும் வேலைக்குப் போனார். சோம்பேறி என்ற பெயர் வெகுகாலம் அவரோடு இருந்தது. நானும் சொல்லியிருக்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு அவரைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். வலது கண் எப்போதிலிருந்து இப்படி என்று டாக்டர் கேட்டார். "எப்பப் போச்சுன்னு தெரியாதுங்க. தெரிஞ்சது கேமரா வாங்குன அன்னைக்கு" என்றார் சித்தப்பா. என் பக்கம் திரும்பவில்லை.

அன்று ஸ்டுடியோவை விட்டு வெளியே வந்ததும் ஜீப்புக்குப் பக்கத்தில் போய் நின்றார். சாவி உள்ளே ஸ்டுடியோக்காரரிடம் இருந்தது. என் தலையில் கையை வைத்தார், வெகுநேரம் எடுக்கவில்லை. குல்லாய் நழுவுகிறது போலிருக்கிறது என்று நினைத்து, நான் அதை இழுத்துச் சரிசெய்துகொண்டேன்.